முழு வேகத்தில் மட்டும் நின்ற அவுட்போர்டு எஞ்சின்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் மூன்று பேர் இருக்கிறோம். படகின் உரிமையாளர், அவரோடு எப்போதும் போகும் உதவியாளர், எஞ்சினைப் பழுது பார்த்த நான். படகு 5.5 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு. பின்பலகையில் 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, இரண்டு சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்க ஒரே கார்புரேட்டர். பெட்ரோலில் 50:1 விகிதத்தில், அதாவது லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் கலந்து, 24 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கில் ஊற்றி ஓட்டுவார்கள்.

எஞ்சினுக்கு ஆறு வயது. அதற்குள் பெரிய பழுது எதுவும் வந்ததில்லை. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயையும், அதன் நடுவில் இருக்கும் கை பல்பையும் (கையால் அமுக்கிப் பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் குமிழ்) 14 மாதங்களுக்கு முன்புதான் மாற்றியிருந்தார்கள். எங்களை நெடுநேரம் தவறான திசையில் அலையவிட்டது இந்தத் தகவல்தான். குழாய் புதுசு என்று காதில் விழுந்ததும், நான் அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

பெட்ரோல் போகும் வழி

நடந்தது புரிய வேண்டுமென்றால் இந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

டேங்கின் அடிமட்டம் வரை ஓர் உறிஞ்சு குழாய் இறங்கியிருக்கும். அதன் நுனியில் சிறிய வலை. டேங்க் மூடியில் காற்றுத் துளை ஒன்று உண்டு. வெளியேறும் பெட்ரோலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் டேங்கிற்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் வருவது மெல்ல நின்றுபோகும். டேங்கிலிருந்து ரப்பர் குழாய் கிளம்புகிறது. வழியில் கை பல்பு. பல்பின் இரு முனைகளிலும் ஒரு வழி வால்வுகள் இருக்கும். மேலே உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். அமுக்கினால் உள்ளே இருப்பது எஞ்சின் பக்கம் போகும். விட்டால் டேங்க் பக்கமிருந்து இழுத்துக்கொண்டு மறுபடி உப்பும்.

அதற்கப்புறம் எஞ்சினில் செருகும் கனெக்டர், சிறு ஃபில்டர், பிறகு ஃபியூயல் பம்ப். இந்தப் பம்புக்கு மின்சாரமும் வேண்டாம், பல்சக்கரமும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் கூடிக் குறையும். அந்தத் துடிப்பு டயாபிரம் என்ற மெல்லிய சவ்வை முன்னும் பின்னும் அசைக்கிறது. ஒரு பக்க அசைவில் பெட்ரோலை இழுக்கும், மறு பக்க அசைவில் கார்புரேட்டருக்குத் தள்ளும். அங்கே மிதவை அறை நிரம்பியதும் மிதவை மேலேறி ஊசி வால்வை மூடிவிடும், குறைந்தால் திறந்துவிடும்.

மனதில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள பாதை முழுவதும் உறிஞ்சப்படும் பக்கம். பம்புக்கு அப்புறம்தான் அழுத்தம். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே போகும். எனவே இந்தப் பகுதியில் வரும் கோளாறுகளில் பாதி கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவதே இல்லை.

அளவையும் பார்க்கலாம். இந்த ரக எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 18 லிட்டர் குடிக்கும். நொடிக்கு 5 மில்லி. ஐடிலில், அதாவது வேகம் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, மணிக்கு 2 லிட்டருக்குள் முடிந்துவிடும். ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம். ஐடிலுக்குத் தாராளமாகப் போதுமான பாதை முழு வேகத்தில் கால்வாசிக்குக்கூடப் போதாமல் போகலாம்.

முதல் முறை நின்றது

ஒரு நாள் காலை கரையிலிருந்து கிளம்பி முழு வேகம் வைத்து நான்கைந்து நிமிடத்தில் எஞ்சின் இழுவை குறைந்தது. சத்தம் தளர்ந்து, திணறி, நின்றுவிட்டது. உதவியாளர் பல்பை அமுக்கினார். கயிறை இழுத்ததும் உடனே பிடித்துக்கொண்டது. மறுபடி முழு வேகம், மறுபடி சில நிமிடத்தில் அதே கதை. பாதி வேகத்தில் வைத்தால் ஓடியது. அப்படியே திரும்பி வந்துவிட்டார்கள்.

என்னிடம் வந்து சேர்ந்த தகவல் ஒரே வரிதான்: "ஸ்பீடு வச்சா நிக்குது, பல்பை அமுக்குனா ஓடுது."

முதல் முடிவும் அதன் காரணமும்

அந்த ஒரு வரியிலிருந்து நான் எடுத்த முடிவு: ஃபியூயல் பம்ப் தளர்ந்துவிட்டது. கையால் தள்ளினால் ஓடுகிறது, தானாக இழுக்கும்போது நிற்கிறது என்றால், இழுக்கும் வேலையைச் செய்யும் பம்பில்தானே குறை என்று தோன்றியது. ஆறு வருடம் ஓடிய டயாபிரம் விறைத்துப்போவது சாதாரணம். முடிவு முட்டாள்தனமானது என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அது அரைகுறைத் தகவலின் மேல் நின்றது.

பம்பைப் பிரித்து டயாபிரம், கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டேன். கூடவே கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை, அதாவது பெட்ரோல் போகும் நுண்துளைகளை, சுத்தம் செய்தேன். ஃபில்டரை மாற்றினேன். ஸ்பார்க் பிளக்குகளும் புதுசு. பழைய பிளக்குகள் இரண்டிலும் பீங்கான் பகுதி வெளிறி வெள்ளையாக இருந்தது. கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறி ஓடியதன் அடையாளம் அது. பெட்ரோல் போதாமல்தான் நின்றது என்பது அதிலேயே உறுதியானது. எங்கே போதவில்லை என்பதை அது சொல்லவில்லை. நானும் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

குழாயைச் சும்மா விட்டேன் என்றும் சொல்ல முடியாது. இரு முனைகளையும் கழற்றி, டேங்க் பக்கமிருந்து கம்ப்ரசரால் காற்று ஊதிப் பார்த்தேன். தடையே இல்லாமல் போனது. குழாய் சுத்தம் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்து அரை மணி நேரம் ஓட்டினோம். ஒரு தடவை கூடத் திணறவில்லை. எஞ்சினை ஒப்படைத்தேன். ஒன்றரை நாள் வேலை. மாற்றிய உதிரிகளில் ஒன்றுகூடக் கோளாறுக்குக் காரணமானது இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

இரண்டாம் முறை

அடுத்த இரண்டு பயணங்கள் நல்லபடியாக முடிந்தன. இரண்டிலும் அவர்கள் அவசரமில்லாமல் நடு வேகத்தில் போய் வந்திருக்கிறார்கள். இதையும் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது பயணத்தில் திரும்பும்போது காற்று எழும்பியது. சீக்கிரம் கரை சேர முழு வேகம் வைத்தார்கள். எஞ்சின் நின்றது. அலையில் படகு பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்ததும் உரிமையாளர் உடனே நங்கூரத்தைப் போட்டார். அன்று செய்த மிகச் சரியான காரியம் அதுதான். படகின் மூக்கு அலையைப் பார்த்து நின்றதால் நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தது. அப்புறம் உதவியாளர் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்து பல்பை விடாமல் அமுக்க, பாதி வேகத்துக்கும் குறைவாக ஓட்டி வந்து சேர்ந்தார்கள்.

கவனிக்கத் தவறிய சாட்சி

இந்த முறை எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் உதவியாளரிடம் உட்கார்ந்து பேசினேன். முதல் தடவை அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. எஞ்சின் நிற்கும் நேரத்தில் பல்பைக் கையில் பிடித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"நிக்கும்போது பல்பு எப்படி இருந்துச்சு தம்பி, கல்லு மாதிரியா, கொழகொழன்னா?"

"ரெண்டும் இல்லண்ணே. சப்பையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அமுக்கி விட்டா திரும்ப உப்புறதுக்கே நேரமாவுது."

கோளாறு எந்தப் பக்கம் என்பதை இந்தப் பதில் முடிவு செய்துவிட்டது. எஞ்சின் நிற்கும் தருணத்தில் பல்பு இருக்கும் நிலையை இப்படிப் படிக்கலாம். கல்லாக இறுகியிருந்தால் பெட்ரோல் பல்பு வரை வந்துவிட்டது, அதற்கு அப்பால்தான் எங்கோ போகவில்லை: ஃபில்டர், பம்பு, ஊசி வால்வு. கொழகொழவென்று இருந்து, எத்தனை முறை அமுக்கினாலும் இறுகாவிட்டால் எங்கோ காற்று உள்ளே வருகிறது, அல்லது பல்பின் வால்வு பிடிக்கவில்லை, அல்லது டேங்கே காலி. சப்பையாகச் சுருங்கியிருந்தால் எஞ்சின் பக்கம் நன்றாக இழுக்கிறது, டேங்க் பக்கமிருந்து வரவில்லை.

அதாவது பம்பு ஆரோக்கியமாகத்தான் இருந்தது. பல்பையே சப்பையாக்கும் அளவுக்கு இழுத்திருக்கிறது. பல்பை அமுக்கினால் ஓடியதற்கும் காரணம் இப்போது விளங்கியது. எஞ்சின் நின்றதும் இழுவிசை போய்விடுகிறது. அந்த இடைவெளியில் பல்பு மெதுவாக நிரம்புகிறது. அமுக்கியதும் மிதவை அறை நிரம்பி, மறுபடி சில நிமிடம் ஓடுகிறது. "கையால் தள்ளினால் ஓடுகிறது" என்று நான் புரிந்துகொண்டது, உண்மையில் "ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது" என்பது.

சோதனைகள்

மறுநாள் கரையை ஒட்டிய அமைதியான தண்ணீரில், பக்கத்தில் இன்னொரு படகைத் துணைக்கு வைத்துக்கொண்டு சோதித்தோம். எல்லாச் சோதனையும் முழு வேகத்தில், ஆட்களோடு, சுமையோடு. டிரம்மில் விசிறிக்கு உண்மையான சுமை கிடையாது. அங்கே முழு வேகம் வைக்கவும் முடியாது. கோளாறு எந்தச் சூழ்நிலையில் வருகிறதோ அங்கேதான் அதைத் தேட வேண்டும்.

முதலில் டேங்க் மூடியையே தளர்த்திவிட்டு ஓட்டினோம். காற்றுத் துளை அடைத்திருந்தால் இதிலேயே சரியாகியிருக்கும். ஐந்தாவது நிமிடம் எஞ்சின் திணறியது. காற்றுத் துளை இல்லை.

அடுத்து, துணைப் படகிலிருந்து டேங்கையும் அதன் குழாயையும் சேர்த்து எடுத்து மாட்டினோம். இருபது நிமிடம் முழு வேகம், எந்தக் குறையும் இல்லை. கனெக்டருக்கு இந்தப் பக்கம் எஞ்சினில் இருக்கும் எதையும் இனித் தொட வேண்டியதில்லை.

மூன்றாவதாக, துணைப் படகின் டேங்கோடு எங்கள் குழாயை இணைத்தோம். நான்கு நிமிடத்தில் நின்றது. டேங்கும் உறிஞ்சு வலையும் தப்பித்தன. மிஞ்சியது, 14 மாதமே ஆன குழாய்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு முறை ஊகத்தை நம்பி ஏமாந்திருந்ததால் அளந்து பார்க்க விரும்பினேன். பம்புக்குச் சற்று முன்னால் ஒரு டி இணைப்பு, அதில் உறிஞ்சுவிசையை அங்குலப் பாதரசக் கணக்கில் காட்டும் வேக்குவம் கேஜ், அதையொட்டி இருபது சென்டிமீட்டர் கண்ணாடி போன்ற தெளிவான குழாய். ஐடிலில் முள் 1 அங்குலப் பாதரசத்தைத் தொடவில்லை. பாதி வேகத்தில் 2. முழு வேகம் வைத்ததும் மூன்றரை, பிறகு கண் முன்னாலேயே ஏறி, நான்காவது நிமிடம் 8-ஐத் தாண்டியபோது எஞ்சின் தளர்ந்தது. இந்த மாதிரி எஞ்சின்களில் 4 அங்குலத்தைத் தாண்டினாலே வழியில் தடை இருக்கிறது என்று கொள்வார்கள். இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் சிலவற்றுக்கு வரம்பு இதைவிடக் குறைவு. அந்தந்த எஞ்சினின் கையேட்டில் உள்ள எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெளிவான குழாயில் ஒரு விஷயம் எங்களைக் கொஞ்சம் குழப்பியது. முள் 7, 8 என்று போனபோது சிறு குமிழ்கள் தெரிந்தன. காற்றுக் கசிவோ என்று உரிமையாளர் கேட்டார். கசிவாக இருந்தால் ஐடிலிலேயே குமிழ் வரும், முள்ளும் இவ்வளவு ஏறாது. அழுத்தம் இவ்வளவு குறையும்போது வெதுவெதுப்பான பெட்ரோல் தானே ஆவியாகத் தொடங்கும். அந்த ஆவிதான் அது.

குழாயை அறுத்துப் பார்த்தது

குழாயை நீளவாக்கில் கத்தியால் பிளந்தோம். வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது, வெடிப்பில்லை, வீக்கமில்லை. உள்ளே, பல்புக்கு டேங்க் பக்கத்தில், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு உள் அடுக்கு வெளி ரப்பரிலிருந்து உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. மெதுவாக இழுத்தால் அதன் ஓரமாகப் பெட்ரோல் போகும். வேகமாக இழுத்தால் அந்த நாக்கு எழும்பி வழியை அடைத்துக்கொள்ளும். விட்டால் மறுபடி படுத்துவிடும்.

நான் கம்ப்ரசரால் ஊதியபோது தடை தெரியாமல் போனதும் இதனால்தான். காற்றழுத்தம் அந்த அடுக்கை வெளிச்சுவரோடு அழுத்தி ஒட்டவைத்துவிடுகிறது. உறிஞ்சும்போது வேலை செய்ய வேண்டிய குழாயை ஊதிச் சோதித்தால், கோளாறை நாமே மறைத்துவிட்டு அதைத் தேடுகிறோம். பல வருடமாக நான் செய்துவந்த சோதனை இது. அதை இன்றோடு விட்டுவிட வேண்டியதுதான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

காரணத்தைப் பொறுத்தவரை, அந்தக் குழாயின் மேல் படகு எரிபொருளுக்கான தரக்குறியீடு எதுவும் அச்சாகியிருக்கவில்லை. பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால், அதற்கென்று செய்யப்படாத ரப்பரை ஊறவைத்து, அடுக்குகளை ஒட்டும் பசையையும் தளர்த்தும். பயணங்களுக்கு இடையில் பெட்ரோல் நிரம்பிய குழாய் வெயிலில் கிடந்து சூடேறியதும் அதற்கு உதவியிருக்கிறது.

எடுத்த முடிவுகள்

கெட்ட 15 சென்டிமீட்டரை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை இணைத்துக்கொள்ளலாமா என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். மீதியையும் பிளந்து காட்டினேன். இன்னும் இரண்டு இடங்களில் உள் அடுக்கு உப்பத் தொடங்கியிருந்தது. அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று தரக்குறியீடு அச்சிட்ட, அதே உள்விட்டமுள்ள குழாயைப் போட்டோம். பல்பையும் மாற்றினோம், அதே பெட்ரோலில் அதே காலம் ஊறிய ரப்பர், அதன் வால்வுகளை நம்ப முடியாது. கனெக்டர்களின் ஓ ரிங்குகளும் புதுசு. பெட்ரோலில் நீர் சேர்வதையும் கணக்கில் எடுத்து, 10 மைக்ரான் நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பாதையில் சேர்த்தோம். 10 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் அரை சதவீதம் அளவுக்குத் தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் எடுப்பது அந்த அடியிலிருந்துதான்.

இன்னொரு கவலை இருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறுகிறது, அதே நேரத்தில் மசகும் குறைகிறது. பிஸ்டன் பிடித்துக்கொள்ள இது போதும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தேன்; இரண்டு சிலிண்டரும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. எக்ஸாஸ்ட் துளை வழியாகப் பார்த்தவரை பிஸ்டன் ஓரத்தில் கீறல் இல்லை. இன்னும் நான்கைந்து தடவை அப்படி இழுத்து ஓட்டியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பிறகு நடந்தது

புதுக் குழாயோடு அதே தண்ணீரில் நாற்பது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினோம். ஃபில்டரையும் சேர்த்து, முள் இரண்டேகாலில் நின்றது, அசையவில்லை. பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி கேஜ் வைத்தபோதும் அதே அளவுதான்.

இனி மாறுவது

பழுதுக்கு வரும் எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்கிறேன்: நின்றபோது என்ன வேகம், எத்தனை நிமிடம் கழித்து, பல்பு எப்படி இருந்தது. பதில் தெரியாது என்றால் அதைத் தெரிந்துகொண்டு வரச் சொல்கிறேன்.

பட்டறையில் ஒரு நல்ல டேங்கும் குழாயும் தனியாக இருக்கின்றன. வேறு எதற்கும் கொடுப்பதில்லை. எஞ்சினா, எஞ்சினுக்கு வெளியேயா என்ற கேள்விக்கு அவை இருபது நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஒன்றரை நாள் வேலையும், காற்றில் நங்கூரம் போட்ட அந்த நேரமும் இருந்திருக்காது. குழாயை ஊதிப் பார்ப்பதற்குப் பதில் கேஜ் வைத்து உறிஞ்சுவதை அளக்கிறேன்.

படகு தரப்பில், பயணம் முடிந்ததும் குழாயைக் கழற்றி நிழலில் வைக்கிறார்கள். உபரிக் குழாய் ஒன்று பல்போடு சேர்த்துப் படகிலேயே இருக்கிறது. எஞ்சின் மூடியின் உட்பக்கம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம். குழாய் மாற்றிய தேதி, முழு வேகத்தில் கேஜ் காட்டிய அளவு, பார்த்த தேதி என்று மூன்று பத்தி. இதுவரை அதில் இரண்டு வரிகள் எழுதியிருக்கிறோம், இரண்டும் இரண்டேகால்.